ஹண்டிங்டன் நோயில் மரபணு அணைந்துவிடுவதில்லை

மூளைச் செல்களைப் படிப்படியாக அழிக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோயில் அச்செல்களின் மரபணு ‘அணைந்துவிடுகிறது’ என்றும், வல்லாரை மாத்திரை அதை மீண்டும் இயக்கிவிடும் என்றும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது.

நான்காம் குரோமோசோமிலுள்ள ஹண்டிங்டின் மரபணுவில் சி.ஏ.ஜி. என்னும் மூன்றெழுத்து டி.என்.ஏ. தொடர் 40 முறையோ அதற்கு மேலோ திரும்ப வரும்போது, அந்த மரபணு அணையாமல், கேடு விளைவிக்கும் புரதத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. மங்குவது மற்ற மரபணுக்கள்தான். இயல்பான ஹண்டிங்டின் புரதம், மரபணுக்களை அடக்கும் ரெஸ்ட் என்னும் புரதத்தை, மரபணுக்கள் இருக்கும் செல் உட்கருவுக்கு வெளியே பிடித்துவைக்க உதவுகிறது. பிறழ்ந்த புரதத்தால் அந்தப் பிடி தளர்வதால், ரெஸ்ட் உள்ளே புகுந்து, நியூரான்களை (நரம்புச் செல்களை) பேணும் பி.டி.என்.எஃப். உள்ளிட்ட பல மரபணுக்களின் வெளிப்பாட்டை, அதாவது செயல்பாட்டை, குறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூளையின் உட்புறத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதி நியூரான்களில் அந்த சி.ஏ.ஜி. தொடர் வயது ஏற ஏற நீள்கிறது. அது ஏறத்தாழ 150 முறையைத் தாண்டிய பிறகே அச்செல்களின் மரபணு வெளிப்பாடு கடுமையாகச் சீர்குலைவதாக 2025இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பிறவியிலேயே உள்ள பிழை நாற்பது வயதுவாக்கில் தலைகாட்டுவதற்கு இது பெரிய காரணமாக இருக்கலாம்.

வல்லாரை நல்ல கீரைதான்; சௌகிட் சந்தையில் வாங்கித் தாராளமாகத் துவையல் அரையுங்கள். ஆனால் அது இத்தொடரைக் குறுக்காது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிழை வரும் வாய்ப்பு 50 விழுக்காடு என்பதால், இரத்தப் பரிசோதனைக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது முறை; கோலாலம்பூர் மருத்துவமனையில் அதற்கென்றே மரபியல் துறை இருக்கிறது.