பரவும் செடிகளின் வரைபடமும் நம்ம தோட்டங்களும்

அந்நியச் செடி அடுத்து எங்கே பரவும் என்று கணினி மாடல் போட்டுத் தரும் வரைபடங்கள் பயனுள்ளவைதான். ஆனால் நம்ம இலங்கை மலையகத்தைப் பற்றி அவை சொல்வதைப் பாதிக்கு மேல் நான் நம்புவதில்லை.

பெரும்பாலும் பயன்படுவது 2006இல் வந்த மேக்ஸென்ட் என்ற முறை. செடியைக் கண்ட இடங்களைக் கொடுத்தால் போதும். அங்குள்ள மழை, வெப்பம், உயரத்தைப் பார்த்து, அதே மாதிரி இடம் வேறெங்கே இருக்கிறது என்று தேடும். செடி இல்லாத இடத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. வசதியும் அதுதான், வம்பும் அதுதான். கண்ட இடங்களைக் குறிப்பது யார்? ஹோர்ட்டன் சமவெளிக்கும் பெரிய ரோட்டோரத்துக்கும் வருகிற ஆய்வாளர்கள். அவர்கள் கால் படுகிற இடத்தின் குணத்தை, செடியின் குணம் என்று மாடல் எடுத்துக்கொள்கிறது. இதைச் சரிக்கட்ட வழிகள் உண்டு. ஆனாலும் யாரும் போகாத மலையின் பதிவை எந்தச் சூத்திரமும் உண்டாக்காது.

காலநிலைத் தரவும் பல வேளை ஒரு கிலோமீட்டர் கட்டமாகத்தான் வருகிறது. நம்ம பக்கம் அதற்குள் ஓடைப் பள்ளமும் இருக்கும், காற்று அறைகிற உச்சியும் இருக்கும். அப்புறம் மனிதர் கை. 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள். இடையில் எத்தனை தேயிலை மலை புல்லேறியது என்று, களை எடுக்கச் சுரண்டி பிடித்தவர்களைக் கேளுங்கள். மழைத் தரவில் அது தெரியாது.

மைகோனியாவை எடுத்துக்கொள்வோம். 1888இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்த மரம். தஹிட்டித் தீவின் காட்டை மூடியதும் இதுதான். முறம் அளவு இலை, மேலே பச்சை, திருப்பினால் ஊதா. ஒருமுறை பார்த்தால் மறக்காது. விதையைக் குருவி கொண்டுபோகிறது.

அந்த இலையை, காலையில் தோட்டத்தில் பேர் போட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் காட்டி, எந்த நம்பர் மலையில் இருக்கிறது என்று கேட்டால் போதுமே. கொழுந்தெடுக்கிற பெண்கள் ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள். அவர்கள் "இங்கே இல்லை" என்றால் அது நம்பக்கூடிய "இல்லை". மாடலிடம் இல்லாதது அதுதான். காடேறிப்போன மலைகளை விறகுக்குப் போகிறவர்களிடம் கேட்கலாம்.

சரி, சும்மா கேட்கக்கூடாது. அன்றைக்கு அரைப்பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, போடணும். ஆய்வாளரின் வாகனச் செலவில் கொஞ்சம் குறைத்தாலே அது முடியும்.