வாடகை பாக்கி என்றால் பூட்டை மாற்றிவிடலாமா? முடியாது

‘ஒரு மாத வாடகை பாக்கி இருந்தாலே ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம்’ என்று டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய். இதை நம்பி யாரும் சட்டிபானையை மூட்டை கட்ட வேண்டாம்.

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 26(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது. சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ம் ஆண்டுச் சட்டப்படி, விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே குடியிருப்பவருக்கும் நகராட்சிக்கும் நோட்டீஸ் போக வேண்டும். முதியவர்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள் நடத்தும் குடும்பங்கள் ஆகியோரின் நிலையை நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும். உத்தரவு வந்த பிறகும் வெளியேற்றுவது ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரியின் வேலை, வீட்டுக்காரருடையது அல்ல. உத்தரவில்லாமல் வெளியேற்றினால் அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். வாடகை ஒப்பந்தம் முடிந்தும் தங்கியிருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2002-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் தாத்தா பாட்டிகளைத் துரத்திய அந்தக் காலத்தில் இப்படியொரு சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது.

சரி, பாக்கி தள்ளுபடியாகுமா? ஆகாது, வாடகை கட்டியே தீர வேண்டும். தகராறு என்றால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. பூட்டை மாற்றியதையும், மின்சாரத்தைத் துண்டித்ததையும் அங்கே சொல்லலாம். வாடகை ரசீதுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.