குல்மார்க்குக்குத் தேவை கேபிள் கார் மட்டுமல்ல

காஷ்மீரின் குல்மார்க்கைப் பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டிக்களமாக வளர்க்க வேண்டும் என்று, அங்குள்ள கேபிள் காரைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம் வரை செல்லும் கேபிள் காரையே அவர் பெருஞ்சிறப்பாகக் காட்டுவது சரியாகப் படவில்லை. அது சுற்றுலாப் பயணிகளுக்குப் போதும். நட்டுவைத்த கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் ஸ்லாலம், கம்பங்கள் இன்னும் தள்ளித்தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டிகளுக்கோ இறுக்கிச் சமன்செய்த பனித்தடமும், பாதுகாப்பு வலைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக வானம் பொய்த்தால் ஈடுகட்டச் செயற்கைப் பனியும் வேண்டும். 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கி, ஜயன்ட் ஸ்லாலமில் 45-ஆம் இடம் பெற்ற காஷ்மீரின் ஆரிஃப் கான்கூட, அதற்கான பயிற்சிக்கு ஐரோப்பியச் சரிவுகளைத்தான் நாட வேண்டியிருந்தது.