கொல்லையில் நிற்கும் படகு

போன மாதம் அண்ணன் வந்து பத்து நாள் தங்கியிருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேச விஷயம் இல்லாமல் இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. சரி என்று ஒருநாள் ‘சைமன் அண்ட் சைமன்’ தொடரைப் போட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடர் அது. 1981 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார்கள். அண்ணன் ரிக், வியட்நாம் போருக்குப் போய் வந்தவன். கௌபாய் தொப்பி, பூட்ஸ், மீசை, டாட்ஜ் பவர் வேகன் வண்டி. தம்பி ஏ.ஜே. கல்லூரியில் படித்தவன், கோட்டும் டையுமாக வருகிறவன், அலுவலகத்துக் கணக்கு வழக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவன். ரிக்குக்கு வீடு கிடையாது, ஒரு படகுதான் வீடு. அந்தப் படகும் தண்ணீரில் இல்லை, தம்பி வீட்டுக் கொல்லையில் தரையில் நிற்கிறது.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இதுக்கு இவன் தம்பிகிட்ட வாடகை குடுக்கிறானா?” நான் பதில் சொல்வதற்குள் அவரே, “குடுக்க மாட்டான்” என்றார்.

எத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது தோன்றியதில்லை. தொடர் முழுக்க அந்தக் கேள்விமேல்தான் நிற்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ‘பிரதர்’ என்று ஒரே சொல். நமக்கு அண்ணன் வேறு, தம்பி வேறு. அண்ணன் சுமக்க வேண்டியதை இங்கே தம்பி சுமக்கிறான். அதற்காகச் சண்டை போடுகிறான், கத்துகிறான். ஆனால் படகை எடு என்று சொல்வதில்லை.

இதில் ரிக்காக நடித்த ஜெரால்ட் மெக்ரேனியும் ஏ.ஜே.வாக நடித்த ஜேம்சன் பார்க்கரும் 1947-ல் பிறந்தவர்கள். ஒருவர் ஆகஸ்ட், இன்னொருவர் நவம்பர். மூன்று மாதம்தான் வித்தியாசம். திரையில் அப்படியா தெரிகிறது? மெக்ரேனி நாற்காலியில் சாய்ந்து உட்காரும் விதத்திலேயே மூத்தவன் வந்துவிடுகிறான்.

கதைகள் சுமார்தான். குற்றவாளி யார் என்று பாதி நேரம் கால் மணியிலேயே தெரிந்துவிடும். எனக்கு அது குறையாகவே படவில்லை. ஒரு மேதை, அவரைப் பார்த்து வாய் பிளக்க ஒரு உதவியாளர் என்று எத்தனையோ துப்பறியும் தொடர்கள் இருக்கின்றன. இங்கே மேதையே கிடையாது. கையில் காசில்லாத இரண்டு பேர், இந்த கேஸை எடுக்கலாமா வேண்டாமா என்று அடித்துக்கொள்கிறார்கள். நடுநடுவே அம்மா சிசிலியா வந்து போகிறாள். மேரி கார்வர் நடித்திருப்பார், அவர் வந்தாலே காட்சிக்கு ஒரு வீட்டு வாசனை வந்துவிடும்.

ரிக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியட்நாம் போர் முடிந்து ஆறே வருடத்தில் வந்த தொடர் இது. போரிலிருந்து திரும்பியவன் என்றால் மூளை கலங்கியவன், எந்த நேரமும் துப்பாக்கியைத் தூக்குகிறவன் என்று காட்டுவது அப்போது சுலபம். இதில் அவன் சிரிக்கிறான், கடன் வாங்குகிறான், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான். போரைப் பற்றி எப்போதாவதுதான் பேசுகிறான். அவனை முழு மனிதனாக எழுதியதற்காகவே இதை உருவாக்கிய பிலிப் டெகேர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

முதல் சீசனில் பார்க்க ஆளில்லை, தொடரே நின்றுபோக இருந்தது. அப்புறம் வியாழக்கிழமை, ஹவாயில் நடக்கும் ‘மேக்னம்’ என்ற இன்னொரு துப்பறியும் தொடருக்கு அடுத்த நேரத்துக்கு மாற்றினார்கள். 1982 அக்டோபரில் இந்த அண்ணன் தம்பியை ஹவாய்க்கே அனுப்பி இரண்டு கதைகளையும் இணைத்தார்கள். மேக்னம் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகவில்லை. மொத்தம் எட்டு சீசன், 150 பகுதிகளுக்கு மேல். 1995-ல் ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்தது.

அண்ணன் கிளம்பும்போது இரண்டாவது சீசனில் இருந்தோம். டிம் ரீட் நடித்த போலீஸ்காரர் டவுன்டவுன் பிரவுன் இன்னும் வரவில்லை, அண்ணனுக்கு அவரைக் கட்டாயம் பிடிக்கும். போன வாரம் போனில், “நீ பாத்து முடிச்சிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தீபாவளிக்கு வருகிறாராம். அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.