என் மனைவியின் குடும்பப் பெயர் ‘ஏபி’யாம்

என் மனைவிக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை (குடியுரிமை தராமல், இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் அட்டை) கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் இந்த வாரம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. விண்ணப்பதாரரின் பெயர் ஆவணங்களில் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரியே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கோபத்தை அடக்கிக்கொண்டு நிதானமாக எழுத முயல்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழன். என் மனைவி ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். மலேசியக் கடவுச்சீட்டில் நம்மவர்களின் பெயரை ‘இன்னார் ஏ/பி இன்னார்’ என்று எழுதுவார்கள். ‘ஏ/பி’ என்பது மலாய் மொழியில் மகள் என்பதன் சுருக்கம்; ஆண்களுக்கு ‘ஏ/எல்’. அங்கே பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் செய்தி இங்கே எவருக்கும் தெரியவில்லை. இணைய விண்ணப்பத்தில் சாய்கோட்டை இட முடியவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விடவும் முடியவில்லை. ஆகவே முதல் முறை உதவிக்கு அமர்ந்திருந்த இளைஞர் ‘ஏபி’ என்பதையே அவளுடைய குடும்பப் பெயராக இட்டுவிட்டார். அன்றிலிருந்து ஓர் ஆவணத்தில் என் மனைவி திருமதி ஏபி, இன்னொன்றில் தன் தந்தையின் பெயரைத் தாங்கியவள், மூன்றாவதில் என் பெயரைத் தாங்கியவள். ஒருத்தியை மூன்று பேராக்கியவர்கள், அந்த மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கும் பொறுப்பை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

என் பெயரின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. பொள்ளாச்சியில் படித்த காலத்துச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிறது. கேரளத்துக் குடும்ப அட்டையில் அது பின்னால் போய்விட்டது. ஆதாரில் விரிந்து முழுப் பெயராகிவிட்டது. போதாததற்கு, இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி “வீட்டுப்பேர் எந்தா?” என்பதுதான். எங்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது. தாத்தா குடியிருந்த களத்தின் பெயரைச் சொன்னோம். அதையும் மலையாளத்தில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் எழுதி வைத்துவிட்டார்கள். கடவுச்சீட்டில் அந்தக் களமே இல்லை.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது தெளிவாகவே இருக்கிறது. இந்தியக் குடிமகனை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 2 ஆண்டுகள் அந்த மணவாழ்வு நீடித்திருந்தால், பாதுகாப்புச் சரிபார்ப்புக்குப் பிறகு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம். இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். கட்டிவிட்டோம். ஆனால் அந்த 2 ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குத் தை மாதம் பொள்ளாச்சிக் கோயிலில் தாலி கட்டியாயிற்று. மணமாகாதவர் என்ற சான்று மலேசியாவிலிருந்து வரத் தாமதமானதால், தமிழ்நாட்டுச் சட்டம் அளிக்கும் 90 நாள் கெடு கடந்து, அதற்கு மேல் அனுமதிக்கப்பட்ட 60 நாளுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தி வைகாசியில் பதிவு செய்தோம். பதிவு நாளிலிருந்துதான் கணக்கு என்றார் ஒருவர். திருமண நாளிலிருந்தே எண்ணலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டையும் சொல்லாமல், சான்றிதழ் தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்து வாருங்கள் என்றார். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் எல்லாரும் வாசிக்கும் எழுத்து, இங்கே வந்ததும் அந்நிய மொழியாகிவிடுகிறது. இத்தனைக்கும் இந்த வட்டாரத்தில் பாதி கடைப் பலகைகள் தமிழில்தான் இருக்கின்றன.

இதற்கிடையே அவள் நுழைவு விசாவில் இருக்கிறாள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய படிவமும் உண்டு. விடுதிக்காரர் விருந்தினருக்காக நிரப்பும் அதே படிவத்தை என் மனைவிக்காக, என் வீட்டில், நான் நிரப்பினேன். தங்குபவருக்கும் தங்க வைப்பவருக்கும் என்ன உறவு என்று அந்த அலுவலகத்தில் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

சரி, குடியுரிமைக்கே விண்ணப்பியுங்களேன் என்று அறிவுரை சொல்பவர்களுக்கு: அதற்கு 7 ஆண்டு வாசம் வேண்டும். கடைசி 12 மாதம் இடைவிடாமல் இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் 6 ஆண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். கடைசி 12 மாதத்தில் சிறப்புக் காரணம் இருந்தால் அரசு தளர்த்தக்கூடியது அதிகபட்சம் 30 நாள். ஈப்போவில் வயதான தாய் இருக்கிறார். அவர் படுத்த படுக்கையானால் மகள் எத்தனை நாள் பக்கத்தில் இருக்கலாம் என்பதை நாள்காட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மலேசியக் குடியுரிமையையும் விட்டுவிட வேண்டும், இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

இதில் வயிறெரிய வைப்பது இன்னொன்று. அவளுடைய கொள்ளுத்தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்துதான் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். கொள்ளுப்பேத்திக்கு வம்சாவளி வழியிலேயே இந்த அட்டைக்குத் தகுதி உண்டு; 2 ஆண்டும் காத்திருக்க வேண்டாம், மணமுறிவு ஏற்பட்டால் அட்டை பறிபோகும் என்ற அச்சமும் வேண்டாம். ஆனால் கப்பலேறிய கூலியாளின் கையில் எந்த அரசு என்ன காகிதம் கொடுத்தனுப்பியது? கங்காணிக்குப் பிடித்த உச்சரிப்பில் எழுதிய பெயர்தான் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்ததாம்; அதுவும் இப்போது இல்லை.

பணம் இருந்திருந்தால் வேறு வாசலே உண்டு. 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி, 18 மாதத்தில் 10 கோடி ரூபாயோ 36 மாதத்தில் 25 கோடியோ முதலிட்டு, ஆண்டுதோறும் 20 இந்தியர்களுக்கு வேலை தரும் வெளிநாட்டவருக்கு 10 ஆண்டு நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும். அவருடைய மனைவி மக்களுக்கும் கிடைக்கும். அந்த முதலீட்டாளரின் மனைவிக்குத் திறக்கும் கதவு, இந்த மண்ணில் பிறந்தவனின் மனைவிக்கு ‘ஏபி’ என்ற இரண்டெழுத்தில் சாத்தப்படுகிறது. எங்கள் தென்னந்தோப்பை நான்கு முறை விற்றாலும் 10 கோடி தேறாது. அட்டை கிடைத்த பிறகும் அவள் பெயரில் ஒரு சென்ட் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது என்பது தனிக் கதை.

இப்போது கேட்டிருப்பது ஒரு பிரமாணப் பத்திரம். ‘ஏ/பி’ என்பது பெயரன்று, உறவைக் குறிக்கும் சொல் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீலின் கையெழுத்துடன் பதிவேற்ற வேண்டுமாம். நேற்று மாலை அதற்காகப் போய் உட்கார்ந்தேன். வக்கீல் குமாஸ்தா தாளை எடுத்தார், என் பெயரைக் கேட்டு எழுதினார், பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“வீட்டுப்பேர்?”