ரைஸ் குக்கரோடு ரிசோர்ட்டுக்குப் போகிறவளின் வயிற்றெரிச்சல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடல் பிடிக்கும், நல்ல சாப்பாடு பிடிக்கும், பூப்பந்து என்றால் உயிர், காற்பந்தும் பார்ப்பேன், வெயில் நேரத்தில் ஜில்லென்று ஒரு கிளாஸ் பீர் கலந்த ஷாண்டியை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்கிற ஆளும் இல்லை. அதனால் "இதுக்கு எதுவுமே பிடிக்காது" என்று ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் அப்படியே நகர்ந்துவிடலாம். என் கோபம் ஒரே விஷயத்தில்தான். எங்கள் வீட்டு ஆண்கள் ஓய்வெடுக்கக் கிளம்புகிற ஒவ்வொரு வார இறுதியும் எனக்கு வேலை நாளாகிவிடுகிறது, சம்பளமில்லாத வேலை நாள், அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாம், "உன்னையும்தானே கூட்டிட்டுப் போனோம்" என்பதற்காக.

நான் மலேசியாவில், தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. லோரி வந்து மேடையில் ஏறும், எடை பார்ப்பேன், சீட்டு அடிப்பேன், பழத்தை இறக்கிவிட்டு வரும்போது வெறும் லோரியை மறுபடி எடை பார்ப்பேன். செம்பனைப் பழத்துக்குச் சனி ஞாயிறு தெரியாது. குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேக வைக்கப் பார்க்க வேண்டும், தாமதமானால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும், அப்புறம் மேனேஜர் எங்களை வேக வைப்பார். பழம் குவிகிற மாதங்களில் சனிக்கிழமை அரை நாள் என்பதெல்லாம் ஏட்டில்தான். 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை, முன்பு போல 48 இல்லை, சரி, சந்தோஷம். ஆனால் கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கிற என் தங்கச்சிக்கு வாரா வாரம் கிடைக்கிற இரண்டு நாள், இந்தத் தோட்டப்புறத்து ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? எனக்கு இருப்பது ஒரு ஞாயிறு. அந்த ஒரு ஞாயிற்றின் மேல்தான் எல்லோருக்கும் கண்.

2025 மெர்டேக்கா நாள், அதாவது நம் சுதந்திர தினம், ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது, அதனால் திங்களும் விடுமுறை. அவ்வளவுதான், குடும்ப வாட்சாப்பில் கொழுந்தனார் ஒரு தென்னை மரப் படத்தைப் போட்டு "பங்கோர் தீவுக்குப் போலாம், சும்மா ஜாலியா" என்று எழுத, கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பங்கோருக்குப் போக எனக்கும் ஆசைதான். மாசி மகத்துக்குக் காளியம்மன் கோயிலுக்குப் போய் வருவதோடு சரி, அந்தத் தீவின் கடற்கரையில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்ததே இல்லை. ஆனால் அடுத்த செய்தி வந்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அடுப்போட இருக்கிற அப்பார்ட்மெண்டா பார்த்துட்டேன், சமைச்சுக்கலாம், காசு மிச்சம்." யார் சமைப்பது என்று அதில் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

ஏன் என்று கேட்டால் வரியைக் காட்டுகிறார்கள். "லாங் வீக்கெண்ட் விலை அண்ணி, அதுக்கு மேல 8 விழுக்காடு சேவை வரி, சாப்பாட்டையும் வெளியில வாங்கினா கட்டுப்படியாகுமா?" தம்பி, அறை வாடகைக்குத்தான் 2024 மார்ச்சில் 6இலிருந்து 8 ஆக்கினார்கள், சாப்பாட்டுக்கு இன்னும் 6தான், அதுவும் பெரிய கடைகளில். கடற்கரை ஓரத்தில் மீ கோரெங் பிரட்டிப் போடுகிற கடையில் யார் உங்களிடம் சேவை வரி கேட்டார்கள்? இதே மனிதர் பீர் வாங்கும்போது வாயைத் திறப்பதில்லை. உலகத்திலேயே பீருக்கு அதிக வரி போடுகிற நாடுகளில் நம்முடையதும் ஒன்று, அந்த வரியை மட்டும் பக்தியோடு கட்டுகிறார்கள். அப்புறம் செலவுக் கணக்கு போடும்போது பீர் காசையும் சேர்த்து மூன்று குடும்பத்துக்கும் சமமாகப் பிரித்தார்கள், குடிக்காத மாமியார் வரைக்கும். அது தனிக் கதை, விடுங்கள்.

வேலை முடிந்து வந்து, கோழியை வெட்டி, மிளகாய் மஞ்சள் இஞ்சி பூண்டு போட்டு ஊற வைத்து, டப்பாவில் அடைத்து, ரைஸ் குக்கர், அரிசி, சம்பாலுக்கு நெத்திலி, சாடின் டின், முட்டை, மாமியாருக்கு ரசப்பொடி, பிள்ளைகளுக்கு மைலோ, எண்ணெய், உப்பு, கடைசியில் பாத்திரம் தேய்க்கிற நார் வரைக்கும் எடுத்து வைத்தேன். வீடு மாறிப் போகிறவர்கள்கூட இவ்வளவு சாமான் தூக்க மாட்டார்கள். ஆண்கள் தூக்கியது ஒரே ஒரு ஐஸ் தோங், அதாவது ஐஸ் பெட்டி. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

தெலுக் இந்தானிலிருந்து லூமுட் போகிற வழியில் சித்தியவான் வருகிறது. அந்த ஊரில் சீனர்கள் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிற கொம்பியா ரொட்டியைச் சூடாகக் கையில் வாங்கித் தின்ன வேண்டும், சிவப்பு அரிசி ஒயின் ஊற்றிய மீ சுவாவை ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், கம்போங் கோ சில்லி சாஸ் இரண்டு போத்தல் வாங்கிக்கொள்ள வேண்டும், இவ்வளவுதான் என் ஆசை. வார இறுதியில் நல்ல சாப்பாடு என்றால் அடுத்தவர் கை சமைத்து நான் உட்கார்ந்து சாப்பிடுவது, எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நிறுத்தச் சொன்னேன். "ஐஸ் உருகிடும்" என்றார் என் வீட்டுக்காரர். சித்தியவான் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

லூமுட்டில் காரை விட்டு, அத்தனையையும் ஃபெர்ரியில் ஏற்றி, அக்கரையில் அந்த ரோஸ் கலர் டாக்சி வேனில் திணித்துப் போய்ச் சேர்ந்தால், அறை 3 மணிக்குத்தான் என்றார்கள். ஊற வைத்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ரிசோர்ட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? ஆண்கள் அதற்குள் கடற்கரையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

நீச்சல் குளத்தில் இறங்க முறையான நீச்சல் உடை வேண்டும், பருத்திச் சட்டை கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். இது தெரிந்துதான் நான் முன்கூட்டியே எங்கள் ஊர் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், முழுக்கை வைத்த நீச்சல் உடை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அது மடிப்புக் கலையாமல் வீடு வந்து சேர்ந்தது. சாயங்காலத்தில் பங்கோரில் இருவாச்சிகள் வரும், கொம்பு வைத்த பெரிய அலகோடு பால்கனிக் கம்பியிலேயே வந்து உட்காரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வந்ததாம். பிள்ளைகள் "அம்மா, சீக்கிரம் வாங்க" என்று கத்தினார்கள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், கை முழுக்க மிளகாய், கழுவித் துடைத்துப் போவதற்குள் பறந்துவிட்டது. ஓரகத்தி எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன்.

பார்பிக்யூ விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோழியை ஊற வைத்தது நான், சாத்தே குச்சியில் இறாலைக் குத்தியது ஓரகத்தி, சம்பால் அரைத்தது நான், நாசி கோரெங் பிரட்டியது ஓரகத்தி, வெள்ளரிக்காய் நறுக்கியது மாமியார். கொழுந்தனார் செய்தது என்ன? கரி பற்ற வைக்கிறேன் என்று ஒரு அட்டையை வைத்து விசிறிக்கொண்டே மூன்று கேன் முடித்தார். அப்புறம் இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. அந்தப் போட்டோதான் வாட்சாப்பில் போனது, ஈப்போவில் இருக்கிற சித்தி முதற்கொண்டு "சூப்பர் ஷெஃப்" என்று எழுதினார்கள். கரி அப்பிய கம்பி வலையை ராத்திரி தேய்த்தது யார் என்று ஒரு சித்தியும் கேட்கவில்லை.

சமைக்கத் தெரியாத ஆண்கள் என்றால்கூட மனசு ஆறும். இவர்களுக்கு நன்றாகவே சமைக்கத் தெரியும்! எங்கள் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றுவது யார்? இதே ஆட்கள்தான். விடிய முன்னே எழுந்து சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்து, நூற்றுக்கணக்கான பேருக்கு வாளி வாளியாகப் பரிமாறி, வேர்த்து வழிய நின்று, கடைசியில் கிடாரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் வைக்கிற ஆட்டுக்கறிப் பிரட்டலுக்குக் கல்யாண வீடுகளில் பேரே இருக்கிறது. ஊர் பார்க்கச் சமைப்பார், மாலை போட்டால் சமைப்பார், ரிசோர்ட் அடுப்படியில் நாலு பேருக்கு முட்டை பொரிக்கச் சொன்னால் மட்டும் "எண்ணெய் எங்க இருக்கு?" என்பார். எண்ணெய் கண் முன்னால் இருக்கும்.

சரி, விளையாட்டு. அந்த ஞாயிறு பாரிசில் உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியின் மகளிர் இரட்டையர் இறுதியாட்டம். நம் பெர்லி டானும் தீனா முரளிதரனும் சீன ஜோடியோடு ஆடுகிறார்கள். மெர்டேக்கா நாளில், ஒரு தமிழ்ப் பெண் உலக இறுதியாட்டத்தில் நிற்கிறாள், இதை டிவியில் பார்க்கக் கேட்டேன். டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? முந்தின நாள் இங்கிலீஷ் லீக் ஆட்டங்களின் மறு ஒளிபரப்பு! கோல் யார் அடித்தார்கள் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ராத்திரி 11.30க்கு லிவர்பூல் - ஆர்சனல் இருக்கிறதாம், அதற்கு மூட் வர வேண்டுமாம். பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சோப்புக் கையோடு, விட்டு விட்டு ஓடுகிற இன்டர்நெட்டில் பார்த்தேன். மூன்று செட் வரைக்கும் போராடித் தோற்று வெள்ளி வாங்கினார்கள். மூன்றாவது செட் நடுவில் "தே ஓ ஐஸ் இருக்கா?" என்று ஒரு குரல், பால் ஊற்றாத ஐஸ் தேநீர் வேண்டுமாம். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார்கள்.

அவர்கள் பேச்சு எனக்குப் பிடிக்காது என்றும் இல்லை. பழைய தோட்டத்துக் காற்பந்தைப் பேச ஆரம்பித்தால், நம் நாட்டு கோல் காவலர் ஸ்பைடர்மேன் ஆறுமுகத்தின் நீளக் கைகளைப் பற்றி, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போகாமல் போன நம் அணியைப் பற்றி, 1988இல் ஆறுமுகம் கார் விபத்தில் போய்ச் சேர்ந்ததைப் பற்றி மாமனார் சொல்லும்போது எனக்கும் உட்கார்ந்து கேட்கத்தான் ஆசை. பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கிறதே, ஐஸ் எடுத்து வர.

என் அப்பாயி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியக் கருக்கலில் பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய் நின்றவர். அவருக்கும் ஓய்வு நாள் என்று ஒன்று இருந்தது, அன்றைக்குத் துணி துவைப்பது, விறகு பொறுக்குவது, தோட்டத்து லயத்து வீட்டு வாசலை மெழுகுவது. தாத்தாவின் ஓய்வு நாள் திடலில் பந்தாட்டத்தோடு ஆரம்பித்துக் கள்ளுக்கடையில் முடியும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. அந்தக் காலத்து ஆண்களே சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் கள்ளுக்கடையை ஐஸ் தோங்கில் அடைத்து ஃபெர்ரியில் ஏற்றுகிறார்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை 12 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் இருந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று காலையிலேயே குடித்து முடித்தார்கள். லூமுட்டில் இறங்கியதும் கார்ச் சாவி என் கைக்கு வந்தது. இந்த ஒரு சட்டம் மட்டும் என் வீட்டுக்காரருக்கு மனப்பாடம்: 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம், முன்பு 80 இருந்தது, முதல் தடவையே குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், ஜெயிலும் உண்டு, லைசென்சும் போகும். "அதனாலதான் நீ ஓட்டணும்" என்கிறார், எனக்கு ஏதோ பதவி கொடுத்தது போல முகத்தை வைத்துக்கொண்டு. குடித்துவிட்டு ஓட்டாமல் இருக்கிறார்களே, அது நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஓட்ட வேண்டியிருக்கிறதே, இன்றைக்கு நான் குடிக்க வேண்டாம் என்று மூன்று ஆண்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். விடுமுறை முடிந்து திரும்புகிற வண்டிகளுக்கு நடுவே நான் ஊர்ந்துகொண்டிருந்தேன், பக்கத்து சீட்டில் குறட்டை. வீட்டுக்கு வந்து இறங்கியதும் சோம்பல் முறித்துவிட்டு அவர் சொன்னார்: "நல்ல ரெஸ்ட் இல்ல?"

மறுநாள் காலையில் நான் எடை மேடையில் உட்கார்ந்திருந்தேன், விடுமுறைக்கு வெட்டாமல் விட்ட பழமெல்லாம் சேர்ந்து லோரி வரிசை கேட் வரைக்கும் நின்றது. ஈரத் துணி மூட்டை வீட்டில்.

இப்போது பள்ளி விடுமுறைக்குப் போர்ட் டிக்சன் போகலாம் என்று வாட்சாப்பில் மறுபடி தென்னை மரம் வந்திருக்கிறது. அடுப்போடு இருக்கிற அப்பார்ட்மெண்ட்தான் இந்தத் தடவையும். நான் எழுதிப் போட்டேன்: ரைஸ் குக்கர் வராது. கோழியை யாருக்குத் தின்ன வேண்டுமோ அவர்கள் ஊற வைக்கட்டும். காலைச் சாப்பாடு சேர்த்த அறையாகப் பாருங்கள், கூடுகிற காசைப் பீரில் குறையுங்கள். திரும்பி வரும்போது காரை யார் ஓட்டுவது என்று இப்போதே பெயர் எழுதுங்கள், என் பெயர் வேண்டாம். மாமியார் மட்டும் ஒரு கட்டைவிரலைப் போட்டிருக்கிறார், தெரிந்து போட்டாரா கை தவறி விழுந்ததா தெரியவில்லை. மற்றவர்கள் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நீலக் கோடு காட்டுகிறது, ஒருவரும் பதில் எழுதவில்லை. கொழுந்தனார் தனியாக என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு "அண்ணி கோவமா இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

ஆமாம் தம்பி, கோபமாகத்தான் இருக்கிறேன். முதலில் பெயரை எழுதுங்கள்.