ஷெல் எலிமென்டும் என் ரத்த அழுத்தமும்

கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் மென்பொருளில், பீம், தூண் என்று கோடு போட்டு முடிகிற வேலையாக இருந்தால் யார் புலம்பப் போகிறார்கள்? சுவரையும் ஸ்லாபையும் ஷெல்லாக, அதாவது தகடு போன்ற பரப்பாக, வரைந்தால்தான் தலைவலி. திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ரன் கொடுத்துப் பார்த்தால் ஸ்லாப் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். ஏனாம்? கணக்குக்காகப் பரப்பைச் சிறு கட்டங்களாக வெட்டுவதுதான் மெஷ்; இரண்டின் மெஷ் நோடும், அதாவது கட்டங்களின் மூலைப் புள்ளிகளும், ஒரே இடத்தில் விழவில்லையாம். கண்ணுக்கே தெரியாத இடைவெளிக்கு இவ்வளவு ரோஷமா?

அப்புறம் லோக்கல் ஆக்சிஸ், அதாவது ஒவ்வொரு பேனலுக்கும் உள்ள சொந்த அச்சுகள். அடுத்தடுத்த பேனல்தான், ஒன்றில் 1-ஆம் அச்சு குறுக்கே, இன்னொன்றில் நெடுக்கே. வளைக்கும் திருப்புவிசையான மொமென்டை எம்11 என்று காட்டும்; அது 1-ஆம் அச்சைச் சுற்றிய மொமென்டா, அந்தத் திசைக் கம்பிக்கான மொமென்டா? ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வியாக்கியானம்.

தூண் தலைக்கு மேல் ஸ்லாபில் வருகிற மொமென்ட் இருக்கிறதே, அதுதான் உச்சம். மெஷ்ஷைப் பொடியாக்கினால் துல்லியம் கூடும் என்று பாடம் எடுத்தார்கள். கூடுவது எண்தான்! 500 மி.மீ. மெஷ்ஷில் ஒன்று, 250-இல் அதைவிடப் பெரியது, 100-இல் இன்னும் பெரியது. ஒற்றைப் புள்ளியில் தாங்கினால் முடிவிலியை நோக்கித்தான் ஓடும், சரி. அதைக் கம்பி கணக்கிடும் டிசைன் மாட்யூலுக்கு யார் சொல்வது? அது அந்த எண்ணை அப்படியே நம்பி, கான்கிரீட் நுழையவே இடமில்லாத அளவுக்குக் கம்பி கேட்கிறது.